‘பாத்’ ஏன் பெண்பால்? இந்தி சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டுக் கூடத்திலும் மாடி அறையிலும் தமிழ்ப் பிள்ளைகளை உட்காரவைத்து இந்தி சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு,



1918-இல் சென்னையில் இந்தி பிரசார சபை தொடங்கியது முதல், தமிழ்நாட்டில் இந்தி கற்ற பலரும் உங்களைப் போன்றவர்களிடம்தான் கற்றார்கள். சாயங்காலம் பாயை விரித்து, பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா என்று படிப்படியாக ஏற்றிவிட்டவர்கள் நீங்கள். நானும் அப்படியொரு கூடத்தில் உட்கார்ந்து படித்தவன்தான். இந்தியைக் கட்டாயமாக்கலாமா என்பது வேறு வழக்கு. அதற்கு இங்கே இடமில்லை. விரும்பி வந்து உட்காரும் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தருவது என்பதுதான் என் கவலை. அதிலும் ஒரே ஒரு பெயர்ச்சொல்லைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன். அந்தச் சொல் ‘பாத்’. ‘கம்பம்’ என்னும்போது நடுவில் வரும் ‘ப’வைப் போல அதிர்ந்து தொடங்கும் பாத்.

தெரிந்த பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: “பாத் – விஷயம், பேச்சு – ஸ்த்ரீலிங்”. பிள்ளை அதை மனப்பாடம் செய்கிறது, பரீட்சையில் எழுதுகிறது, மதிப்பெண்ணும் வாங்குகிறது. ஆனால் கான்பூர்க்காரர் ஒருவரோடு பேச உட்கார்ந்தால் அந்த வரி கைகொடுப்பதில்லை. பெண்பால் என்பது நெட்டுருப் போட்ட தகவலாக நின்றுவிடுவதால், வாயில் ‘பாத் கியா’ என்றுதான் வருகிறது. விஷயம், பேச்சு என்ற இரண்டு பொருளும் வாக்கியத்தில் பாதி இடங்களில் பொருந்துவதில்லை. இரண்டு குறைகளுக்கும் மருந்து அந்தச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு அது ஏற்கெனவே பாதி தெரிந்த பிறப்பு.

பாத் என்பது வேறெதுவும் இல்லை, நம் ‘வார்த்தை’தான். சமஸ்கிருதத்தில் ‘வார்த்தா’. பிராகிருதத்தில் ரகரம் தகரத்துக்குள் கரைந்து ‘வத்தா’ ஆயிற்று. பிறகு இரட்டைத் தகரம் ஒற்றையாகி, அந்த இழப்பை ஈடுகட்ட முன்னால் நின்ற குறில் நெடிலாயிற்று. கடைசி உயிர் உதிர்ந்தது. முதலெழுத்து வகரம் பகரமாயிற்று. வத்தா, பாத். இதே பாதையில் எத்தனையோ சொற்கள் நடந்து வந்திருக்கின்றன. சப்த, சத்த, ஸாத். ஹஸ்த, ஹத்த, ஹாத். கர்ம, கம்ம, காம். வகரம் பகரமானது இந்தியிலும் அதன் கிழக்கத்தி உறவுகளிலும்தான். குஜராத்தி வகரத்தை விடவில்லை. விம்சதி என்ற இருபது இந்தியில் பீஸ், குஜராத்தியில் வீஸ்; அதுபோலவே இந்தியின் பாத் அங்கே ‘வாத்’.

தமிழ் வேறு வழி போயிற்று. ‘ர்த்’ என்ற மெய்க்கூட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஈற்று ‘ஆ’வை மட்டும் ‘ஐ’ ஆக்கியது. சீதா சீதை, சபா சபை, கதா கதை, வார்த்தா வார்த்தை. நாம் கடன் வாங்கியதால் உருவம் பெரிதாகச் சிதையவில்லை. இந்திக்கு அது பரம்பரைச் சொல். ஈராயிரம் ஆண்டு வாய்களில் தேய்ந்து தேய்ந்து ஓரசைக்கு வந்துவிட்டது.

இங்கேதான் உங்களிடம் நான் கேட்கவந்த முக்கியமான சங்கதி இருக்கிறது. ‘வார்த்தா’ சமஸ்கிருதத்தில் பெண்பால். அதைக் காட்டிக்கொடுத்தது ஈற்றில் நின்ற ‘ஆ’. இந்தியில் அந்த ‘ஆ’ உதிர்ந்துபோனாலும் பால் உதிரவில்லை. அதனால்தான் பார்வைக்கு ஓர் அடையாளமும் இல்லாமல், மெய்யெழுத்தில் முடிந்துகொண்டு, பாத் பெண்பாலாக நிற்கிறது. “ஏன் டீச்சர் இது ஸ்த்ரீலிங்?” என்று பிள்ளை கேட்டால், “அப்படித்தான், மனப்பாடம் பண்ணு” என்பதைத் தவிர வேறு பதில் இல்லை என்று நினைத்திருந்தோம். பதில் இருக்கிறது. அதைவிட, உதிர்ந்துபோன அந்த ‘ஆ’வைத் தமிழ் ‘ஐ’யாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

இதைச் சோதித்துப் பாருங்கள். தமிழில் நித்திரை, இந்தியில் நீந்த், பெண்பால். பிச்சை, பீக், பெண்பால். திராட்சை, தாக், பெண்பால். ஆசை, ஆஸ், லஜ்ஜை, லாஜ், பரீட்சை, பரக், எல்லாமே பெண்பால். சிலை என்றால் நமக்குக் கல்லும் உருவமும். இந்தியில் ‘ஸில்’ என்றால் அம்மிக்கல், அதுவும் பெண்பால். வார்த்தை, பாத். மெய்யில் முடியும் ஓர் இந்திப் பெயர்ச்சொல்லுக்குத் தமிழில் ‘ஐ’ ஈற்று வடசொல் ஒன்று உறவாக இருந்தால், அநேகமாக அது பெண்பால். வட இந்தியப் பிள்ளைக்கு இந்தச் சாவி தேவையில்லை, தாய்மடியிலேயே கற்றுவிடுகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்து இந்தி கற்பவருக்கு இது கிடைக்காது. தமிழ்ப் பிள்ளைக்குக் கையிலேயே இருக்கிறது. யாரும் எடுத்துக் காட்டாததால் அது கண்ணில் படுவதில்லை.

மறுபக்கமும் ஓரளவு பொருந்தும். ‘அம்’ ஈறு வந்தால் இந்தியில் பெரும்பாலும் ஆண்பால். கர்மம், காம். தந்தம், தாந்த். சர்ப்பம், ஸாம்ப். கிராமம், காவ்ங். சூத்திரம், ஸூத். க்ஷேத்திரம் நமக்குக் கோயில் இருக்கும் ஊர், இந்தியின் ‘கேத்’ விதைத்து அறுக்கும் வயல், ஆண்பால். ஆனால் இந்தப் பக்கத்தில் ஓட்டைகள் உண்டு என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். புஸ்தகம், தேகம், சுவாசம் என்று நமக்கு ‘அம்’மில் முடிபவை இந்தியில் புஸ்தக், தேஹ், ஸாங்ஸ் என்று பெண்பாலாகிவிட்டன. அக்கினி சமஸ்கிருதத்தில் ஆண்பால். அதிலிருந்து வந்த ‘ஆக்’ பெண்பால். மொழி தன் போக்கில் சிலவற்றை மாற்றிவைத்திருக்கிறது. ‘ஐ’ பக்கம் எனக்குத் தெரிந்தவரை உறுதியான பக்கம். அதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.

ஒரு கிளைச் செய்தி. தமிழ் எழுத்தில் ‘பாத்’ என்று எழுதினால் இன்னொரு இந்திச் சொல்லும் அதே உருவத்தில் வந்து நிற்கும்: சோற்றைக் குறிக்கும் பாத், முதலெழுத்தில் மூச்சுக் காற்றோடு. வாங்கி பாத், பிசிபேளா பாத் என்று நாம் சாப்பிடுவது கன்னட, மராத்தி வழியாக வந்த அந்த பாத்தான். ‘பக்தம்’ என்ற சோறு, பிராகிருதத்தில் ‘பத்த’, பிறகு பாத். வார்த்தா நடந்த அதே பாதையில் நடந்தும், ‘அம்’ வழியில் பிறந்ததால் இது ஆண்பால். இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் தேவநாகரியில் எழுதிக் காட்டினால், மூச்செழுத்தின் அருமையும் புரியும், பாலின் காரணமும் புரியும்.

இனி இலக்கணம். உருபு ஏற்கும் வாய்பாடு சுலபம்: பாத், பன்மையில் பாதேங், அந்தப் பன்மையோடு வேற்றுமை உருபு வந்தால் பாதோங். சிக்கல் வினையோடு சேரும்போது வருகிறது. நமக்கு வினைமுற்று எழுவாயைத்தான் பார்க்கும். பையன் சொன்னான், பெண் சொன்னாள். இந்தியிலோ செயப்படுபொருள் குன்றாவினை இறந்தகாலத்தில் ‘நே’ போட்டு வந்தால், வினை எழுவாயை விட்டுவிட்டுச் செயப்படுபொருளைப் பார்க்கும். ‘லட்கே நே பாத் கஹீ’. சொன்னவன் பையன், வினையோ பெண்பால். ‘மைனே உஸ்ஸே பாத் கீ’ என்று ஆண் சொன்னாலும் பெண் சொன்னாலும் ‘கீ’தான். பேசியது இரண்டு சங்கதி என்றால் ‘தோ பாதேங் கஹீங்’. அதே பையன் ‘பாத்’ என்ற சொல்லே இல்லாமல் ஒரு செய்தியைச் சொன்னால், ‘உஸ்னே கஹா கி…’ என்று வினை ஆண்பால் ஒருமைக்குத் திரும்பிவிடுகிறது. கஹா, கஹீ இரண்டையும் அடுத்தடுத்து வைத்து விளக்கினால் ‘நே’ விதி ஒரே நாளில் பிடிபடும். நூறு வாக்கியங்களை மாற்றி எழுதச் சொல்வதைவிட இது மேல் என்று உறுதியாக நம்புகிறேன்.

பீகார்ப் பக்கமும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் ‘ஹம் பாத் கியே’ என்று பேசுவதைக் கேட்டுவிட்டு வந்து, “அவர்களே அப்படித்தானே பேசுகிறார்கள்?” என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். அவர்களின் தாய்மொழிகளான போஜ்புரி, மகஹி, மைதிலியில் இந்த ‘நே’ அமைப்பு இல்லை; அந்தப் பழக்கம் இந்திக்குள்ளும் வருகிறது. அந்த மண்ணில் அது இயல்பு. தேர்வுத்தாளில் எழுதவேண்டியது வேறு. அவர்கள் பேச்சைப் பிழை என்று இகழாமல் இதைச் சொல்லித்தர முடியும்.

யாரோடு பேசினாய் என்பதற்கு ‘ஸே’ வரும், ‘கோ’ வராது. ‘உஸ்ஸே பாத் கீ’ என்றால் அவனோடு பேசினேன். ‘உஸ்கீ பாத் கீ’ என்றால் அவனைப் பற்றிப் பேசினேன். ‘உஸ்கீ பாத் மானீ’ என்றால் அவன் சொன்னபடி கேட்டேன். நடுவில் உள்ள ஒரு சின்ன உருபும், பின்னால் வரும் வினையும் மாறினால் உறவே மாறிப்போகிறது. ஆகவே பாத்தைத் தனியாக ஒரு வரியில் எழுதிப் பொருள் போடுவதில் பயனில்லை. வினையோடு சேர்த்துத்தான் அது சொல்லாகிறது.

பொருளுக்கு வருகிறேன். வார்த்தா என்பதன் வேர் ‘வ்ருத்’: சுழலுதல், நடந்துகொண்டிருத்தல். அதிலிருந்து பிழைப்பு என்ற பொருள் வந்தது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் ‘வார்த்தா’ என்றால் உழவு, கால்நடை வளர்ப்பு, வாணிகம் மூன்றும் சேர்ந்த பொருளியல் கல்வி. இன்னொரு கிளையில், நடப்பு என்பது நடந்ததைச் சொல்லும் செய்தியாயிற்று. பிறகு சொல்வது எதுவானாலும் வார்த்தா. நம் ‘செய்தி’யும் இப்படித்தானே வளர்ந்தது? ‘செய்’ என்ற வினையிலிருந்து செய்கை, அதன்பின் செய்த செயலைப் பற்றிய சேதி. பாத்துக்கு ‘விஷயம்’ என்றும் ‘பேச்சு’ என்றும் இரண்டு பொருள் இருப்பது தற்செயல் இல்லை. நடந்தது ஒன்று, அதைச் சொன்னது ஒன்று. இரண்டையும் ஒரே சொல் சுமக்கிறது.

செய்தி என்ற பொருளைக் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் இன்றும் விடவில்லை: வார்த்தெ, வார்த்த. ஆகாசவாணியின் சமஸ்கிருதச் செய்தி தொடங்கும்போது ‘ஸம்ப்ரதி வார்த்தாஹ ஷ்ரூயந்தாம்’ என்று அறிவிப்பார்களே, சமஸ்கிருதம் தெரியாத வீடுகளில்கூட வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரல் நினைவிருக்கும். அந்த வார்த்தாஹ செய்திகள்தான்.

தமிழில் மட்டும் இன்று ‘வார்த்தை’ பெரும்பாலும் தனிச்சொல்லாகச் சுருங்கிவிட்டது. அதனால்தான் மாணவர்கள் பாத்தையும் வார்த்தையையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. தனிச்சொல்லுக்கு இந்தியில் ‘ஷப்த்’ என்று வேறு சொல் இருக்கிறது. ஆனால் பழைய வார்த்தை அப்படிச் சுருங்கியதல்ல. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் ‘வார்த்தை’ என்னும்போது, பெருமான் சொன்ன உறுதிமொழியையே உரைகாரர்கள் பொருள்கொள்கிறார்கள். திருக்கச்சி நம்பி வழியாக இராமானுசருக்குக் கிடைத்ததாக வைணவ மரபு சொல்லும் ஆறு வார்த்தைகள் ஆறு சொற்கள் அல்ல, ஆறு கருத்துகள். பின்பழகிய பெருமாள் ஜீயர் தொகுத்த வார்த்தாமாலை ஆசாரியர்களின் மொழிகளைக் கோத்தது. வடக்கே வல்லபரின் புஷ்டிமார்க்கத்தில் ‘சௌராஸீ வைஷ்ணவன் கீ வார்த்தா’ என்று எண்பத்து நான்கு அடியார்களின் கதைகளை விரஜ மொழி உரைநடையில் தொகுத்தார்கள். தெற்கே ஒரு வைணவம், வடக்கே ஒரு வைணவம். அடியார்களின் வாய்மொழிக்கு இரண்டும் ஒரே சொல்லை எடுத்திருக்கின்றன. இராஜஸ்தானிலோ நாட்டுப்புறக் கதைக்கே ‘பாத்’ என்றுதான் பெயர். விஜய்தான் தேத்தா பதினான்கு தொகுதிகளாக எழுதிய கதைத் திரட்டின் தலைப்பு ‘பாதாங் ரீ புல்வாடீ’, கதைகளின் பூந்தோட்டம்.

பேச்சுத் தமிழில் பழைய வார்த்தை இன்னும் சாகவில்லை. “போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா?” என்று அம்மா கேட்பது இந்தியின் பாத்தைத்தான். வார்த்தை கொடுப்பது, வார்த்தை தவறுவது, நாலு வார்த்தை கேட்டால்தான் புத்தி வரும் என்பது, வார்த்தை தடித்துக் கைகலப்பானது, பேச்சுவார்த்தை. இவற்றில் எதுவும் தனிச்சொல் இல்லை. வங்காளிகள் நம் பேச்சுவார்த்தையைப் போலவே ‘கதாபார்த்தா’ என்று இரட்டைச் சொல்லாகச் சொல்கிறார்கள்.

எனவே பாத்தின் மரபுத் தொடர்களைச் சொல்லித்தரும்போது அகராதித் தமிழை விட்டுவிட்டு வீட்டுத் தமிழை எடுங்கள். ‘பாத் மத் பத்லோ’ என்றால் பேச்சை மாத்தாதே. ‘பாத் பட் கயீ’ என்றால் பேச்சு முத்திப்போச்சு. ‘மேரீ பாத் நஹீங் மான்தா’ என்றால் சொல்பேச்சுக் கேட்கமாட்டேங்கிறான். கல்யாணப் பெண்ணுக்கு ‘பாத் சல் ரஹீ ஹை’ என்றால் பேச்சு நடக்குது. ‘பாத் பக்கீ ஹோ கயீ’ என்றால் பேசி முடிச்சாச்சு. இரண்டு மொழியும் எத்தனை ஒட்டி நடக்கின்றன என்று பிள்ளைகளே கண்டுகொள்வார்கள். ‘பாத் பன் கயீ’யில்தான் கொஞ்சம் விலகல்: அங்கே பேச்சில்லை, காரியம் கைகூடியது. நடப்பு என்ற பழைய பொருள் அதில் எட்டிப் பார்க்கிறது.

மொழிபெயர்க்கவே கூடாத இடங்களும் உண்டு. மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ‘அச்சீ பாத் ஹை’ என்பதை ‘நல்ல விஷயம்’ என்று எழுதுகிறார்கள். தமிழில் நாம் ‘நல்லது’ என்போம். நம் ‘-து’ விகுதி செய்யும் வேலையை அங்கே பாத் செய்கிறது. ‘யஹ் பாத் ஸச் ஹை கி…’ என்றால் ‘…என்பது உண்மை’. ‘இஸ் பாத் கா துக் ஹை கி…’ என்றால் ‘…என்பதில் வருத்தம்’. ஒரு முழு வாக்கியத்தைப் பெயராக்கி இன்னொரு வாக்கியத்துக்குள் வைக்க நமக்கு ‘என்பது’ இருக்கிறது, அவர்களுக்கு ‘பாத்’. இது புரிந்த மாணவர் தமிழிலிருந்து இந்திக்குப் போகும்போது ‘என்பது’ வரும் இடத்தில் தயங்கமாட்டார். ‘பாத் யஹ் ஹை கி…’ என்று தொடங்கினால், அது நம் “என்னன்னா…”. ‘கல் கீ பாத் ஹை’, நேத்து நடந்தது. ‘கோயீ பாத் நஹீங்’, பரவாயில்லை. அந்தப் ‘பரவா’வும் வடக்கேயிருந்து வந்த பாரசீகச் சொல்தான். ‘க்யா பாத் ஹை’ என்பதைக் கவலையோடு சொன்னால் “என்ன ஆச்சு?”, கச்சேரியில் தலையை ஆட்டிச் சொன்னால் “பலே!”. எழுத்தில் இரண்டும் ஒன்று, குரலில்தான் வேறுபாடு. இதைப் புத்தகத்தால் கற்றுத்தர முடியாது. உங்கள் குரல்தான் கற்றுத்தரவேண்டும்.

2014 அக்டோபர் 3 அன்று தொடங்கிய பிரதமரின் வானொலி உரைக்கு ‘மன் கீ பாத்’ என்று பெயர். தமிழ் ஒலிபரப்பில் அது ‘மனதின் குரல்’. அரசியலை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பை மட்டும் பார்த்தால், நல்ல தேர்வு. மனதின் வார்த்தை என்றால் இன்றைய காதுக்குக் குறுகிப்போகும். மனதின் விஷயம் என்றால் சப்பென்று இருக்கும். இந்த ஒரு தலைப்பைக் கொடுத்து, வேறு எப்படியெல்லாம் தமிழில் சொல்லலாம் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் போவது தெரியாது.

மேல்வகுப்பு மாணவர்களுக்கு இரண்டு படைப்புகளைக் கொண்டுபோங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கான்பூரில் ‘பிராமண்’ இதழை நடத்திய பிரதாப் நாராயண் மிஸ்ர 19-ஆம் நூற்றாண்டில் ‘பாத்’ என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். இந்தி உரைநடையின் தொடக்க காலத்தில் வந்த கட்டுரை அது. வைத்தியர் பேசும் வாத பித்த கபத்தின் ‘வாத’த்தையும் பேச்சு ‘பாத்’தையும் சிலேடையாக்கித் தொடங்கி, இந்தச் சொல்லின் மரபுத் தொடர்களையே படைபோல அணிவகுத்து நடத்துகிறார். இன்னொன்று, குன்வர் நாராயணின் ‘பாத் ஸீதீ தீ பர்’ என்ற கவிதை; பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. இந்திப் பாடநூலில் இருக்கிறது. எளிதாகச் சொல்லியிருக்கவேண்டிய ஒன்றை மொழியின் சிக்கலில் மாட்டவிட்டு, திருகாணியைப் போல வலுக்கட்டாயமாக முறுக்கி மரையைத் தேய்த்துவிடுவதைப் பற்றிய கவிதை. தலைப்பில் உள்ள ‘ஸீதீ’, ‘தீ’ இரண்டுமே பெண்பால் வடிவம் என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். பாசு சட்டர்ஜி இயக்கிய 1976-ஆம் ஆண்டுப் படம் ‘சோட்டீ ஸீ பாத்’ என்ற தலைப்பிலும் அதே இலக்கணம்தான்.

உங்கள் நேரம் எவ்வளவு குறைவு என்று அறிவேன். பாடத்திட்டம் முடிக்கவேண்டும், பரீட்சை தேதி நெருங்கும், பெற்றோர் மதிப்பெண் கேட்பார்கள். அதனால் பெரிதாக எதையும் கேட்கவில்லை. அடுத்த முறை பாடத்தில் பாத் வரும்போது, அர்த்தம் எழுதும் இடத்தில் முதலில் ‘வார்த்தை’ என்று எழுதி, அந்த ‘ஐ’யின் கீழ் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் நித்திரை–நீந்த், பிச்சை–பீக், திராட்சை–தாக் என்று மூன்று இணைகளை எழுதிவிட்டு, இன்னும் மூன்றைப் பிள்ளைகளே தேடிக்கொண்டு வரட்டும். யாராவது ‘புஸ்தகம்’ என்று எதிர்க்கேள்வி போட்டால், அந்தப் பிள்ளைக்கு மொழி பிடித்துவிட்டது என்று பொருள். அவர் கையில் குன்வர் நாராயணைக் கொடுத்துவிடலாம்.


உங்கள் கூடங்களில் ஒன்றில் படித்த பழைய மாணவன்